ஓரத்தில் கொடுத்த ஆசனம்: பேராயர் வே.சா. அசரியாவும் தோர்ணக்கல் திருமண்டலமும் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துச் சபை மரபைச் சேர்ந்த) திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற பெயரோடுதான் வேதநாயகம் சாமுவேல் அசரியா வரலாற்றுப் புத்தகங்களில் இடம்பெறுகிறார். அந்த ஒரு வரி அவருக்கு நியாயம் செய்வதில்லை. 1912-ல் அவருக்குக் கொடுத்தது சென்னையோ கல்கத்தாவோ அல்ல, அவர் பிறந்த திருநெல்வேலியும் அல்ல. ஹைதராபாத் நிஜாம் ராஜ்யத்தின் தென்கிழக்கு மூலையில், சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கிளைப்பாதை பிரிகிற தோர்ணக்கல் என்ற ரயில் சந்திப்பைச் சுற்றியிருந்த கிராமங்கள்தான் அவருக்குக் கிடைத்தன. ஏன் அந்த இடம், அங்கே அவர் எப்படி வேலை செய்தார், எது நின்றது, எது நிற்கவில்லை என்பவற்றையே இந்த ஆய்வு பார்க்கிறது.

பின்னணி

1874 ஆகஸ்டு 17-ல், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் அசரியா பிறந்தார். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் இங்கிலாந்துச் சபையின் மிஷனெரி சங்கமான சி.எம்.எஸ். மிஷனின் குருவானவர், சிறுவயதில் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் படிக்க வந்து 1839-ல் கிறிஸ்தவரானவர். தாயார் எல்லன். நாடார் குடும்பம். முதல் பெண் குழந்தைக்குப் பிறகு வெகுகாலம் காத்திருந்து, ஜெபித்துப் பெற்ற பிள்ளை என்பதால் சாமுவேல் என்று பெயரிட்டார்கள். வேதாகமத்தில் அன்னாளின் மகனுக்கு வந்த பெயர். 1889-ல் தகப்பனார் காலமானார்.

மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலி சி.எம்.எஸ். கல்லூரியிலும் படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். பாடம் கணிதம். உடல்நலக் குறைவால் இறுதித் தேர்வு எழுத முடியவில்லை. பட்டம் இல்லாமலே வெளியே வந்தார். இதை ஒரு குறிப்பாக மட்டும் கடந்துவிட வேண்டாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1920-ல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது என்றாலும், பிற்காலத்தில் தெலுங்கு மட்டுமே தெரிந்த, கல்லூரி வாசலை மிதிக்காத உபதேசியார்களை (ஊர்ச் சபையைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களை)க் குருவானவர்களாக்கத் தயங்காத ஒரு பேராயரை அந்த எழுதாத தேர்விலேயே நாம் பார்க்கலாம்.

1895 முதல் 1909 வரை கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.-வின் செயலர். சம்பளத்துக்கான வேலைதான், ஆனால் அதில் அவர் கற்றது அதிகம்: தென்னிந்தியா முழுவதும் ரயிலில் அலைந்து, பல சபைப் பிரிவு இளைஞர்களை ஒரே கூடத்தில் உட்காரவைக்கிற வேலை. அமெரிக்கரான ஷெர்வுட் எடி அங்கேதான் நெருங்கிய நண்பரானார். பின்னாளில் சபை ஐக்கியத்துக்காக அசரியா பேசிய பேச்சு இறையியல் வகுப்பிலிருந்து வந்ததல்ல; லண்டன் மிஷன் பையனும் வெஸ்லியன் பையனும் சி.எம்.எஸ். பையனும் ஒரே பந்தியில் சாப்பிட்ட இடத்திலிருந்து வந்தது.

1898-ல் அன்பு மரியம்மாளை மணந்தார். வரதட்சணை வாங்கவில்லை. அக்காலத் தென் மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்களில் இது சாதாரண விஷயம் அல்ல. கல்லூரியில் படித்த முதல் தலைமுறைக் கிறிஸ்தவப் பெண்களில் அம்மையார் ஒருவர்; தோர்ணக்கலில் பெண்களுக்கான வேலை அவர் தோளில்தான் நின்றது.

யாழ்ப்பாணம் கொடுத்த குத்தல்

1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்களே, அதுவும் மாணவர்கள் முன்னின்று, சொந்தக் காணிக்கையில் மிஷனெரி சங்கம் நடத்திக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தைவிட எத்தனையோ மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபை அப்படி எதுவும் செய்யவில்லை. ஊருக்கு ஊர் கோயில், பள்ளிக்கூடம், உபதேசியார் எல்லாம் இருந்தும், சுவிசேஷத்தை வெளியே கொண்டுபோவது வெள்ளைக்காரர் வேலை என்றே இருந்துவிட்டது. அந்தக் குத்தல் அவரை விடவில்லை.

மறு ஆண்டே, 1903 பிப்ரவரி 12-ல், பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் அடிப்படை. மூன்றாவதுதான் கடினம். ஆள் கிடைப்பார்கள், பணமும் பிடியரிசியாகவும் அறுப்புக் காணிக்கையாகவும் சேர்ந்துவிடும். கணக்கையும் முடிவையும் மிஷனெரியிடம் கேட்காமல் நடத்துவதுதான் அப்போது புதிது. 1905 டிசம்பர் 25-ல் வங்காளத்தின் செராம்பூரில், கிறிஸ்தவத் தலைவர் கே.டி. பால் முதலியவர்களோடு சேர்ந்து தேசிய மிஷனெரி சங்கத்தையும் தொடங்கினார். அந்த ஆண்டு வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கிளம்பிய ஆண்டு என்பதை நினைவில் வைத்தால், வெளிநாட்டுப் பணம் வேண்டாம் என்ற நிபந்தனை எந்தக் காற்றில் பிறந்தது என்பது விளங்கும்.

திருநெல்வேலிச் சங்கம் தேர்ந்தெடுத்த வயல் தோர்ணக்கல். இன்று தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் இருக்கிறது. வேறு புராட்டஸ்டன்டு மிஷன் காலூன்றாத பகுதி, வேறு மொழி, வேறு ஆட்சி. திருநெல்வேலியார் பார்வையில் அது அயல்நாடுதான். பிறரை அனுப்பிவிட்டுத் தான் செயலர் நாற்காலியில் இருப்பது அசரியாவுக்குச் சரியாகப் படவில்லை. 1909-ல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டார், ஜூன் 29-ல் குருப்பட்டத்தின் முதல் படியான உதவிக்குரு அபிஷேகம் பெற்றார், குடும்பத்தோடு தோர்ணக்கலுக்குப் போய், முப்பத்தைந்தை நெருங்கும் வயதில் தெலுங்கு அரிச்சுவடியைத் திறந்தார்.

எடின்பரோ, 1910

1910 ஜூனில் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் சுமார் 1,200 பிரதிநிதிகள். ஆசியர்கள் விரல்விட்டு எண்ணிவிடலாம். அயல்நாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையிலான உறவைப் பற்றி அசரியாவைப் பேசச் சொன்னார்கள். மரியாதைக்கு நாலு வார்த்தை நன்றி சொல்லி உட்கார்ந்திருக்கலாம். அவர் சொன்னது வேறு: சம்பளம் கொடுப்பவர் எஜமான், வாங்குபவர் வேலைக்காரர் என்றே உறவு நிற்கிறது, பல ஆண்டுகள் கூட வேலை செய்தும் இந்திய ஊழியர் வீட்டில் கால்வைக்காத, அவரைத் தன் வீட்டுக்கு அழைக்காத மிஷனெரிகள் இருக்கிறார்கள். நீங்கள் பசித்தவருக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், சுட்டெரிக்க உங்கள் உடலையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அன்பைப் பற்றிய வேதாகம அதிகாரமான 1 கொரிந்தியர் 13-ஐ மனப்பாடமாக அறிந்த கூட்டத்துக்கு முன்னால் அந்த அதிகாரத்தையே திருப்பிப் பிடித்த வாக்கியம் அது. அரங்கில் சிலர் முகம் சுளித்தார்கள். அந்தப் பேச்சின் புகழ் இன்றுவரை குறையவில்லை. ஆனால் அதை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு ஆளை மறந்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

பேராயர் பதவி: எங்கே சிக்கல்?

சென்னைப் பேராயர் ஹென்றி ஒயிட்ஹெட்தான் இந்தியர் ஒருவர் பேராயராக வேண்டும் என்று விடாமல் நின்றவர். எதிர்ப்பு மூன்று பக்கத்திலிருந்து வந்தது.

முதலாவது, சட்டம். கல்கத்தா, சென்னை, பம்பாய் பேராயர் ஆசனங்கள் அரச சாசனத்தால் அமைந்தவை. பட்டாளத்துக்கும் அதிகாரிகளுக்குமான குருமாருக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. அப்படிப்பட்ட ஆசனத்தில் இந்தியர் உட்கார்ந்தால் ஆங்கிலேய அரசுப் பணியாளர்கள் அவருக்குக் கீழ் வருவார்கள். அரசாங்கம் அதற்கு ஆயத்தமாயிருக்கவில்லை. தோர்ணக்கல் நிஜாம் ராஜ்யத்தில் இருந்ததால் இந்த முடிச்சு அங்கே இல்லை. தவிர, அந்த எல்லைக்குள் ஐரோப்பியக் குடியிருப்பு என்று சொல்லத்தக்கது அரிது.

இரண்டாவது, மிஷனெரிகளின் தயக்கம். ஆங்கிலிக்கன் சபையில் ஐரோப்பியர் அல்லாதவரைப் பேராயராக்கிய முன்மாதிரி மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தது. சாமுவேல் குரோத்தரை 1864-ல் பேராயராக்கினார்கள். கடைசிக் காலத்தில் இளம் ஆங்கிலேய மிஷனெரிகள் அவருடைய ஊழியர்களைக் குற்றம் சாட்டி, அவர் அதிகாரத்தைப் பறித்தார்கள். அவர் 1891-ல் காலமானதும் அந்த இடத்தில் ஆங்கிலேயரையே அமர்த்தினார்கள். அதிலிருந்து சிலர் கற்ற பாடம், கறுப்பு மனிதரால் முடியாது என்பது. கற்றிருக்க வேண்டிய பாடம், பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பண அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டால் யாராலும் முடியாது என்பது.

மூன்றாவதைப் பற்றி நம்மவர்கள் பேசுவதில்லை. எதிர்ப்பு திருநெல்வேலியிலிருந்தும் வந்தது. நாடார், வேளாளர் என்ற சாதிக் கணக்கு சபைக்குள்ளும் இருந்தது. எங்கள் ஊர்க்காரர் பேராயராகிறார் என்ற பெருமையும், அவரா என்ற முணுமுணுப்பும் ஒரே கோயில் முற்றத்தில் கேட்டன. திருநெல்வேலிக்கு 1896 முதலே தனிப் பேராயர் உண்டு. அந்த ஆசனத்தில் சாமுவேல் மார்லி முதல் அடுத்தடுத்து ஆங்கிலேயர்களே இருந்தார்கள். அங்கே அசரியாவை உட்காரவைப்பது யோசனையில்கூட நிற்க முடியாத காரியம்.

ஆக, யாருக்கும் இடிக்காத ஓர் ஓரத்தைப் பார்த்து ஆசனம் போட்டார்கள். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தா பரிசுத்த பவுல் பேராலயத்தில், பிரதமப் பேராயர் ரெஜினால்டு கோப்பிள்ஸ்டன் தலைமையில் அபிஷேகம் நடந்தது. அசரியாவுக்கு வயது 38. 1945-ல் அவர் காலமாகும்வரை, ஆங்கிலிக்கன் திருமண்டலம் (ஒரு பேராயரின் பொறுப்பிலுள்ள பகுதி) ஒன்றுக்குத் தலைமை வகித்த ஒரே இந்தியர் அவர்தான். முப்பத்திரண்டு ஆண்டு! முதல்வர் என்பதைக் கொண்டாடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1920-ஐ ஒட்டித் திருமண்டலம் விரிந்தது. சி.எம்.எஸ். 1841 முதல் மசூலிப்பட்டணத்தை மையமாக வைத்து நடத்திவந்த கிருஷ்ணா பகுதியும், எஸ்.பி.ஜி. மிஷனின் நந்தியால், கர்நூல், கடப்பைப் பகுதிகளும் அவர் கீழ் வந்தன. இரண்டும் ஒரே இங்கிலாந்துச் சபையின் மிஷன்கள்தான், ஆனால் ஆராதனை முறையிலும் மனப்போக்கிலும் எண்ணெயும் தண்ணீருமாக இருந்தவை. ஐரோப்பிய மிஷனெரிகள் இந்தியப் பேராயருக்குக் கீழ்ப்படிவார்களா என்ற பழைய கேள்விக்கு இப்போது விடை கிடைத்தது: பெரும்பாலும் கீழ்ப்படிந்தார்கள். 1924-ல் அவரிடம் 53 இந்தியக் குருமாரும் 8 ஆங்கிலேயக் குருமாரும் இருந்தார்கள்.

கிராம சபை எப்படி உருவானது?

தோர்ணக்கலின் உயிர் இங்கேதான். சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கிவைத்த சாதிகளான மாலர்களும் மாதிகர்களும். நிலமற்ற கூலிகள், தோல் தொழிலாளர்கள், எழுத்தறியாதவர்கள். ஒருவர் தனியே வந்து கேட்பது அபூர்வம். ஒரு கிராமத்துப் பெத்தலு, அதாவது சேரியின் மூப்பர்கள், கூடிப் பேசி, பக்கத்து ஊரில் பார்த்ததை எங்களுக்கும் தாருங்கள் என்று வருவார்கள். பக்கத்து ஊரில் அவர்கள் பார்த்தது என்ன என்பதுதான் அசரியாவுக்கு முக்கியம். குடி குறைந்திருக்கும், பிள்ளைகள் எழுத்துக் கூட்டுவார்கள், செத்த மாட்டைத் தின்பது நின்றிருக்கும். அழுக்கு, நோய், கடன், குடி என்ற நான்கு பிசாசுகளைத் துரத்தாமல் சுவிசேஷம் என்று பேசிப் பயனில்லை என்பது அவர் கருத்து.

கேட்டவுடன் ஞானஸ்நானம் கிடையாது. முதலில் ஓர் ஆசிரியர் போவார். கூடவே மனைவியும் போக வேண்டும், அவருக்கும் பயிற்சி இருக்க வேண்டும். ஆண் ஆசிரியர் மட்டும் போன ஊரில் பெண்கள் பழைய தெய்வங்களிடமே நின்றார்கள், வீட்டுக்குள் ஒன்றும் மாறவில்லை. பகலில் எல்லாரும் வயலில்; ஆகவே பாடம் இரவில், விளக்கொளியில், ஆராதனையோடு சேர்ந்தே. எழுத்தில்லாதவர்களுக்கு விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், பத்துக் கட்டளை, இயேசுவின் கதைகள் யாவும் வாய்ப்பாடம். தெலுங்குக் கீர்த்தனை, பஜனை, கோலாட்டம் ஆகியவை இதற்குக் கைகொடுத்தன. இப்படி மாதக் கணக்கில், சில ஊர்களில் வருடக் கணக்கில் படித்த பிறகு குடும்பம் குடும்பமாக ஞானஸ்நானம். பேராயர் தலையில் கைவைத்து உறுதிப்படுத்துகிற திடப்படுத்தலுக்கு இன்னும் நாள் ஆகும். அதற்குப் பேராயரே வர வேண்டும். அவர் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் வந்தார். ஆண்டில் பெரும்பகுதி வெளியூரில்தான்.

ஞானஸ்நானம் பெற்றவரைத் தம் தலையில் தாமே கைவைத்து, நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்லவைத்தார். சடங்குபோல் தெரியும். இதன் நோக்கம் கணக்கானது: பரப்புகிற வேலையைச் சம்பள ஊழியரிடமிருந்து கழற்றி ஒவ்வொருவர் தலையிலும் வைப்பது. ஆண்டுக்கொரு முறை சாட்சி வாரம் என்று ஒன்று வைத்து, கூலி வேலை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கானோர் பக்கத்து ஊர்களுக்குப் பாடிக்கொண்டு போனார்கள். 1930-களில் பிற சாதி விவசாயக் குடும்பங்களும் வரத்தொடங்கியதற்கு அந்தக் கூலிகளின் வாழ்க்கை மாற்றமே காரணம் என்று அவர் வாதிட்டார். அவர் பொறுப்பிலிருந்த பகுதிகளில் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர் 1912-ல் 56,000-க்குச் சற்று மேல், 1941-ல் 2,25,000. கிராம ஆசிரியர்கள் மட்டும் 2,000-க்கு மேல்.

பணம் அடுத்தது. கூலிக்காரரிடம் என்ன இருக்கும்? உலையில் போடுமுன் ஒரு பிடி தானியம், முதல் முட்டை, ஒரு கோழி, அறுப்பில் ஒரு மரக்கால். இவற்றைக் கோயிலில் ஏலம் விட்டுக் காசாக்கினார்கள். ஏழைகளிடம் வாங்கக் கூடாது என்று இரங்கிய மிஷனெரிகளோடு அவர் ஒத்துப்போகவில்லை. வாங்கிக்கொண்டே இருப்பவன் நிமிர மாட்டான், கொடுக்கிறவன்தான் நிமிர்வான் என்பது அவர் எண்ணம். கிறிஸ்தவக் கொடை பற்றி அவர் எழுதிய சிறு நூல் பல மொழிகளில் வெளிவந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பிடியரிசியால் ஓர் ஊர் ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு பங்கைத் தாங்க முடிந்தது. பயிற்சிப் பள்ளி, மருத்துவமனை, அச்சுக்கூடம் போன்றவை மிஷன் மானியத்தில்தான் நடந்தன. 1903-ல் வகுத்த இந்தியப் பணம் என்ற கொள்கை, திருமண்டலம் பெருத்தபோது எட்டாமல் போயிற்று. உலகப் பொருளாதார மந்தத்தில் மானியம் சுருங்கியபோதெல்லாம் ஆசிரியர் சம்பளம்தான் முதலில் வெட்டுப்பட்டது.

இன்னொரு கோளாறு சாதி. மாலர்கள் முதலில் வந்தார்கள், மாதிகர்கள் பின்னால். வெளியே இருவரும் தீண்டப்படாதவர். உள்ளே மாலர் மாதிகரைத் தாழ்வாகப் பார்த்தனர். ஒரே ஊரில் இரண்டு சேரி, இரண்டு ஜெபவீடு. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) எடுக்கவைக்கலாம். பெண் கொடுக்கவைக்க முடியவில்லை. குடும்பம் குடும்பமாக, சாதி சாதியாகச் சேர்ப்பதில் உள்ள விலை இது. உறவு அறுபடாமல் வருவதால் நிலைத்து நிற்பார்கள். அதே உறவோடு அதன் வேலியும் உள்ளே வந்துவிடும். அசரியாவுக்கு இது தெரியாததல்ல. தீர்வு அவர் கையிலும் இருக்கவில்லை.

காந்தியோடு முரண்

1935 அக்டோபர் 13-ல் இன்றைய மகாராஷ்டிரத்து இயோலாவில் அம்பேத்கர், நான் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்ததும் தோர்ணக்கல் தேசிய விவாதத்தின் நடுவில் வந்து விழுந்தது. கூட்டமாக மதம் மாறுகிறவர்களுக்கு எதை நம்புகிறோம் என்று புரியாது, சலுகைக்காக வருகிறார்கள் என்பது காந்தியின் வாதம். அந்த மக்களுக்கே தங்கள் நன்மையைத் தீர்மானிக்கத் தெரியும், அவர்கள் கேட்டு வருகிறார்கள், நாங்கள் பிடித்து இழுக்கவில்லை என்பது அசரியாவின் பதில்.

இந்தச் சண்டையை வைத்து அவரை ஆங்கில ஆட்சியின் ஆள் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் 1932-ல் ஆங்கில அரசின் வகுப்புவாரித் தீர்ப்பு கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கொடுத்தபோது எதிர்த்துப் பேசியவர் இவர். சபையை ஓர் அரசியல் சாதியாகச் சுருக்குவது அதன் இயல்புக்கே அடி என்றார். ஓட்டுக்காக எண்ணிக்கை சேர்க்கிறார் என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை. தேசியம் பேசியவரும், தேசியத் தலைவரை எதிர்த்தவரும் ஒரே ஆள் என்பதால்தான் இரண்டு தரப்பு வரலாற்றிலும் அவருக்கு இடம் குறைந்துபோனது என்று நினைக்கிறோம்.

தரங்கம்பாடியிலிருந்து ஐக்கியப் பேச்சு

1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில், 1706-ல் புராட்டஸ்டன்டு மிஷனெரி சீகன்பால்க் இறங்கிய அதே கரையில், 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர். அசரியாவும், தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்த வி. சந்தியாகுவும் முன்னின்றவர்கள். அந்த ஐக்கிய சபை 1908-ல் காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகள் இணைந்து உண்டானது. இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தியவை, இவற்றை நீடிக்கவைக்கவும் எங்களுக்கு விருப்பமில்லை என்பது அவர்கள் அறிக்கையின் சாரம்.

அறிக்கை இரண்டு நாளில் முடிந்தது. பேச்சுவார்த்தைக்கு 28 ஆண்டு ஆயிற்று. ஏன் இழுத்தது? பேராயர் கைவைத்து அபிஷேகம் பண்ணாத போதகர் திருவிருந்து நடத்தலாமா என்ற ஒரே கேள்வியில்தான் எல்லாம் சிக்கியது. ஆங்கிலிக்கன் தரப்புக்குப் பேராயர் பதவியின் தொடர்ச்சி விட்டுக்கொடுக்க முடியாதது. மறுதரப்புக்கு, எங்கள் போதகர்களை மறுபடி அபிஷேகம் பண்ணுவது இதுவரை அவர்கள் செய்த ஊழியம் செல்லாது என்று சொல்வதற்குச் சமம். 1925-ல் மெதடிஸ்டுகளும் சேர, 1929-ல் முதல் திட்டம் வெளிவந்தது. கண்ட வழி இதுதான்: இணைகிற நாளில் எல்லாப் போதகர்களையும் அப்படியே ஏற்பது, அன்று முதல் புதிய அபிஷேகம் எல்லாம் பேராயர் கையால், முப்பது ஆண்டு இடைக்காலம், எந்தச் சபைக்கும் அதன் மனசாட்சிக்கு விரோதமாகப் போதகரையோ ஆராதனை முறையையோ திணிக்கக் கூடாது.

1927-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் கூடிய மாநாட்டில் அசரியா, கிறிஸ்தவ நாடுகளில் பிரிவினை ஒரு பலவீனமாக இருக்கலாம், கிறிஸ்தவரல்லாத நாடுகளில் அது பாவமும் இடறலும் என்றார். மேற்கத்தியருக்கு அது சொல்லலங்காரம். தோர்ணக்கலில் அது நடைமுறைக் கேள்வி: கூலிக்காக ரயிலேறிச் சிங்கரேணிச் சுரங்கத்துக்குப் போகிற மாதிகக் குடும்பம், அங்கே வேறு மிஷன் கோயில் இருந்தால் அதில் திருவிருந்து எடுக்கலாமா?

தோர்ணக்கல் பேராலயம்

திரு வெளிப்பாட்டுப் பேராலயத்தை 1939 ஜனவரி 6-ல் பிரதிஷ்டை செய்தார்கள். குவிமாடமும் மினாரும் மசூதிபோல, தூண்கள் கோயில் மண்டபம்போல, தாமரையும் சிலுவையும் சேர்ந்த செதுக்கல். கூரான கோதிக் கோபுரத்தைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு இது உறுத்தும். காசு இல்லாமல் கால் நூற்றாண்டாக நின்று நின்று எழுந்த கட்டடம்.

இதில் ஒரு முரணும் உண்டு. கட்டடத்தில் இத்தனை துணிந்தவர் ஆராதனை நூலில் துணியவில்லை. இங்கிலாந்துச் சபையின் பொது ஜெப நூலைத் தெலுங்கில் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார். எழுத்தறியாத சபைக்கு ஒரே வரிகள் திரும்பத் திரும்ப வந்தால்தான் மனதில் ஏறும் என்பது ஒரு காரணமாகலாம். சிறுவயதில் வெள்ளாளன்விளையில் கேட்டது நாவைவிட்டுப் போகவில்லை என்பது இன்னொன்றாகலாம்.

அதன் பிறகு

1945 ஜனவரி 1-ல் தோர்ணக்கலில் காலமானார். அதே மாதம்தான் இந்திய ஆங்கிலிக்கன் சபையின் பொதுச் சங்கம் ஐக்கியத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை பரிசுத்த ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது.

இரண்டு விளைவுகளைக் குறிப்பிட வேண்டும். அவருக்குப் பின் தோர்ணக்கல் ஆசனத்தில் அமர்ந்தவர், 1935 முதல் அவருக்கு உதவிப் பேராயராக இருந்த ஏ.பி. எலியட் என்ற ஆங்கிலேயர். நல்ல ஊழியர், மக்கள் விரும்பியவர். ஆனால் முப்பத்திரண்டு ஆண்டில் நூற்றுக்கணக்கான குருமாரை உருவாக்கிய திருமண்டலத்தால் தனக்கு அடுத்த ஒரு தெலுங்குப் பேராயரை உருவாக்க முடியவில்லை. கிராமத்துக்கு ஏற்ற குருமாரை அடியிலிருந்து வளர்த்த அதே முறை, மாநில அளவிலும் சட்டத்திலும் ஆங்கிலத்திலும் வாதாடக்கூடிய ஆளை வளர்ப்பதற்கு இடம் வைக்கவில்லை. அசரியாவுக்கு ஒய்.எம்.சி.ஏ. கொடுத்த பதினான்கு ஆண்டு அலைச்சலைப் போன்ற ஒன்று அவர் குருமாருக்குக் கிடைக்கவில்லை.

மற்றது நந்தியால். அவர் திருமண்டலத்திலேயே எஸ்.பி.ஜி. மரபில் வளர்ந்த அந்தப் பகுதிச் சபைகளில் பெரும்பான்மை 1947-ல் புதிய திருச்சபையில் சேர மறுத்து, ஆங்கிலிக்கன் சபையாகவே தனித்து நின்றன. அவை தென்னிந்தியத் திருச்சபைக்குள் வர 1970-கள் ஆயின.